விரைவுத் தாக்குதலில் திணறும் இந்தியக் கூடைப்பந்து அணி: குறை கால்களிலா, கட்டமைப்பிலா?

புது தில்லி: ஆசியக் கூடைப்பந்துக் களத்தில் உயரத்திலும் உடல் வலுவிலும் முன்னணி அணிகளுக்குப் பின்தங்கி நிற்கும் இந்திய ஆடவர் அணிக்கு வேகமே மாற்று வழி என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. எனினும் பெரிய போட்டிகளில் அந்த வேகம் தொடர்ச்சியாக வெளிப்படுவதில்லை. இதற்கு வீரர்களின் ஓட்டத்திறனை மட்டும் காரணமாகக் கூற இயலாது. பந்தைக் கைப்பற்றும் முறை, முடிவெடுக்கும் பழக்கம், உள்நாட்டுப் போட்டிகளின் அமைப்பு ஆகியவை இதில் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

2025 ஆகஸ்ட் மாதம் சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில், ஜோர்டானுக்கு எதிரான முதல் ஆட்டத்தை இந்தியா கூடுதல் நேரம் வரை கொண்டு சென்று 84-91 என்ற கணக்கில் இழந்தது. அடுத்த ஆட்டத்தில் சீனாவிடம் 69-100 என்ற கணக்கில் தோல்வியடைந்தது. போட்டியை நடத்திய சவுதி அரேபியாவிடமும் தோற்று, குழுச் சுற்றுடன் வெளியேறியது. ஓர் ஆட்டத்தில் வெற்றியின் விளிம்பு வரை சென்ற அணி, அடுத்த ஆட்டத்தில் 31 புள்ளிகள் பின்தங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள, ஆட்டத்தின் ஒரு சில விநாடிகளை உற்றுநோக்க வேண்டும்.

எட்டு விநாடிக் கணக்கு

பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளின்படி களத்தின் நீளம் 28 மீட்டர். பந்தைப் பெற்ற அணி 8 விநாடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். எதிரணியின் ஐந்து வீரர்களும் தத்தம் இடங்களுக்குத் திரும்பி அணிவகுக்கும் முன்பே புள்ளி சேர்க்க முயல்வதே 'ஃபாஸ்ட் பிரேக்' எனப்படும் விரைவுத் தாக்குதல். அந்த முதல் அலை தடுக்கப்பட்டாலும், தடுப்பு முழுமையாகச் சீரடையாத அடுத்த சில விநாடிகளைப் பயன்படுத்துவது இரண்டாம் அலைத் தாக்குதல். தடுப்பிலிருந்து தாக்குதலுக்கு மாறும் இந்த முழு இடைவெளியும் 'டிரான்சிஷன்' என்று அழைக்கப்படுகிறது.

நடுக்கோட்டைக் கடக்கவே ஏழெட்டு விநாடிகளைச் செலவிடும் அணிக்கு மீதமிருப்பது சுமார் 16 விநாடிகள் மட்டுமே. அதற்குள் எதிரணியின் உயரமான வீரர்கள் கூடையின் அடியில் நிலைகொண்டுவிடுவர். உயரம் குறைந்த அணி எந்த நிலையைத் தவிர்க்க வேண்டுமோ, அந்த நிலையிலேயே ஒவ்வொரு முறையும் ஆட நேர்கிறது.

தடுப்பில் தொடங்கும் வேகம்

விரைவுத் தாக்குதலின் தொடக்கம் பெரும்பாலும் தன் பக்கத்துக் கூடையின் அடியில்தான் நிகழ்கிறது. எதிரணி புள்ளி எடுத்துவிட்டால், பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே கொடுத்துத் தொடங்க வேண்டும். அதற்குள் எதிரணி திரும்பிவிடும். எதிரணியின் எறிதல் தவறி, அந்தப் பந்தைக் கைப்பற்றும்போதும், எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கும்போதும்தான் ஓடுவதற்கான வாயில் திறக்கிறது. ஆகவே 100 புள்ளிகளை விட்டுக்கொடுக்கும் அணி, ஓடும் வாய்ப்புகளையும் சேர்த்தே இழக்கிறது.

உயரக் குறைவு இங்கு மற்றொரு சிக்கலை உருவாக்குகிறது. எதிரணியில் உயரமானவர்கள் இருக்கையில், திரும்பி வரும் பந்தைப் பிடிக்க இரண்டு வீரர்கள் போதாமல் நான்கு அல்லது ஐந்து பேரும் கூடையின் அடியில் திரள வேண்டியுள்ளது. பந்து கிடைத்த பின்னர் முன்னே ஓடுவதற்கு எவரும் இருப்பதில்லை. இருவரை முன்கூட்டியே ஓடவிட்டால் பந்தே கைக்கு வராமல் போகலாம். இந்த இருதலைச் சிக்கலுக்குப் பயிற்சியாளர்கள் கூறும் தீர்வு ஒன்றே: ஒவ்வொருவரும் பந்தை நோக்கிப் பாய்வதற்கு முன் தம் எதிராளியை உடலால் மறித்து வெளியே தள்ளி நிறுத்த வேண்டும். அது சலிக்காமல் செய்ய வேண்டிய, கைத்தட்டல் பெறாத வேலை. நான்காம் கால்பகுதியில் களைப்பு கூடும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

முதல் பாஸ், முதல் முடிவு

பந்தைப் பிடித்தவர் அதைத் தாழ இறக்காமல், உடனே பக்கவாட்டுக் கோட்டருகே காத்திருக்கும் சக வீரருக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் வீரரை விடப் பந்து விரைவாகச் செல்லும். பாயிண்ட் கார்டு எனப்படும் பந்தை நடத்திச் செல்லும் வீரர் பந்துக்காகக் கூடையின் அடிவரை திரும்பி வந்து, அங்கிருந்து தட்டிக்கொண்டே முன்னேறினால், கிடைத்த இரண்டு மூன்று விநாடி முன்னிலையும் கரைந்துவிடும்.

அடுத்தது இடைவெளி. ஓரங்களில் ஓடும் இரு வீரர்களும் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி விரிந்து ஓடினால், பின்வாங்கும் ஒற்றைத் தடுப்பாளர் எவரைக் காப்பது என்று திகைப்பார். இருவரும் கூடையை நோக்கி நடுவே குவிந்தால், ஒருவரே இருவரையும் தடுத்துவிடலாம். இருவருக்கு ஒருவர் என்ற நிலையில், தடுப்பாளர் தம்மை நோக்கி ஓரடி வரும்வரை பந்தைக் கையில் வைத்திருந்து, வந்த கணத்தில் பாஸ் கொடுக்கும் நிதானம் தேவை. ஓட்டத்தைப் பயிற்சி முகாமில் வளர்த்துவிடலாம்; இந்த நிதானம் கடும் எதிரணிகளுடன் பலமுறை ஆடியே வரும்.

இதற்கு அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து லீக் போட்டியில் தெளிவான சான்று உண்டு. 2003-04 பருவத்தில் 29 வெற்றிகள் மட்டுமே பெற்ற ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி, பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனியின் அதிவேக ஆட்டமுறையில், பாயிண்ட் கார்டு ஸ்டீவ் நாஷ் சேர்ந்த அடுத்த பருவத்தில் 62 வெற்றிகளைக் குவித்தது. நாஷ் அந்த அணியின் மிக வேகமான ஓட்டக்காரர் அல்லர். எவருக்கு, எப்போது பந்தைக் கொடுப்பது என்பதை மற்றவர்களுக்கு முன்னதாகக் கண்டவர்.

பழக்கத்தின் பற்றாக்குறை

ஓடிக்கொண்டே, பார்க்காமலேயே, சக வீரர் எங்கு இருப்பார் என்று அறிவது நீண்டகால உடனாட்டத்தால் அமைவது. பிலிப்பைன்ஸில் 1975 முதலே தொழில்முறை லீக் நடைபெற்று வருகிறது. சீனாவிலும் ஜப்பானிலும் பல மாதங்கள் நீளும் லீக் போட்டிகள் உள்ளன. இந்தியாவில் 2015-இல் தொடங்கப்பட்ட யுபிஏ லீக் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. அதன் பின்னர் எடுக்கப்பட்ட லீக் முயற்சிகளும் அண்டை நாடுகளின் அளவுக்கு நீண்ட பருவமாக வேரூன்றவில்லை.

முன்னணி வீரர்களில் பலர் ரயில்வே, ராணுவம், பொதுத்துறை வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவற்றின் அணிகளுக்கு ஆடுபவர்கள். அந்த வேலைவாய்ப்பே பல குடும்பங்களை இந்த விளையாட்டில் நிலைக்கச் செய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் உள்நாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடுத்தடுத்த நாள்களில் ஆடி முடிக்கப்படுபவை. நாளையும் ஆட வேண்டிய வீரர் இன்று கால்களைச் சேமித்தே ஆடுவார். பல மாவட்டங்களில் ஆட்டம் இன்றும் திறந்தவெளி சிமென்ட் தளத்திலேயே நடக்கிறது. முழு வேகத்தில் பாய்ந்து தரையிறங்கத் தயங்கும் பழக்கம் அங்கேயே உருவாகிறது. தேசிய அணியாகக் கூடும் முகாமின் சில வாரங்களில் இவற்றையெல்லாம் மாற்றுவது கடினம்.

மெதுவாக ஆடுவது தவறா?

வலுக் குறைந்த அணி ஆட்டத்தை மந்தப்படுத்துவதே அறிவுடைமை என்ற மாற்றுக் கருத்தும் புறக்கணிக்கத்தக்கதன்று. தாக்குதல் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையும்போது, வலிமையான அணியின் மேலாண்மை வெளிப்படும் வாய்ப்பும் குறைகிறது. 2014-இல் சீனாவின் ஊஹான் நகரில், போட்டியை நடத்திய சீனாவை இந்தியா வீழ்த்திய வரலாற்று வெற்றி 65-58 என்ற குறைந்த புள்ளிகளிலேயே கிடைத்தது. அன்றும், 2025-இல் ஜெட்டாவிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்காட் ஃபிளெமிங் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் அந்த வெற்றியும் இதே உண்மையைத்தான் உணர்த்துகிறது. எதிரணியை 58 புள்ளிகளில் நிறுத்திய தடுப்பாட்டமே அதன் அடித்தளம். எல்லா வேளையும் ஓடுவதும், எப்போதும் ஓடாமல் இருப்பதும் ஒருங்கே ஆபத்தானவை. அவசரத்தில் எறியப்பட்டுத் தவறும் பந்து, எதிரணியின் விரைவுத் தாக்குதலாகத் திரும்பி வரும். எதிரணியில் மூவருக்குக் குறைவானோர் திரும்பியிருந்தால் ஓடுவது, இல்லையெனில் பின்னே வரும் உயரமான வீரருக்காகக் காத்திருந்து இரண்டாம் அலையைத் தொடங்குவது என்பது போன்ற எளிய, அனைவரும் அறிந்த விதி அணிக்குத் தேவை.

ஜோர்டானை 40 நிமிடங்கள் சமநிலையில் நிறுத்திய அணியிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. அத்திறமையை ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமல்லாமல் பல மாதங்கள் ஒன்றாக ஆடவைக்கும் நிலையான லீக்கும், மாவட்ட அளவில் உள்ளரங்கத் தளங்களும் அமையும்வரை, இந்திய அணியின் வேகம் ஓர் ஆட்டத்தில் தோன்றி அடுத்த ஆட்டத்தில் மறைவதாகவே நீடிக்கும்.