வேட்டைக்காரன் தெரிகிறான், வியாபாரி எங்கே?

சென்ற மாதம் எங்கள் பகுதி நண்பர்கள் சிலர் கூடி, ஒரு வீட்டு மொட்டைமாடியில் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ (1922) படத்தைத் திரையிட்டார்கள். படம் முடிந்ததும் வழக்கமான பேச்சு தொடங்கியது. ஆவணப்படக் கலையின் ஊற்றுக்கண், இயற்கையோடு மனிதன் நடத்தும் ஆதிப்போர், வணிகக் கறை படியாத தூய சினிமா என்றெல்லாம் சொன்னார்கள். அடுத்த முறை ‘எஸ்கிமோ’ (1933) என்ற எம்.ஜி.எம். படத்தைத் திரையிடலாமே என்றேன். சிரித்தார்கள். “நானூக்கைப் பார்த்த கண்ணால் ஹாலிவுட் சாகசப் படத்தைப் பார்க்கச் சொல்கிறீர்களே சார்” என்றார் ஒருவர். அன்று இரவு ஊர் திரும்பும் பேருந்தில் அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. அதற்கான பதில் இது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடதுருவப் பனிவெளி மக்களைப் பற்றிய இவ்விரண்டு படங்களில், நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் ‘நானூக்’ மிக முக்கியமான ஓர் உண்மையை மறைக்கிறது. நாம் மசாலா என்று ஒதுக்கும் ‘எஸ்கிமோ’ அதே உண்மையைக் கதையின் நடுவில் வைக்கிறது. அந்த உண்மை தோல் வியாபாரம்.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். நான் பள்ளிகொண்டாக்காரன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடி. என் பெரியப்பா வாழ்நாளெல்லாம் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். உப்புத்தோல் வண்டியிலிருந்து இறங்கும்போதே தரம் பிரிப்பார்கள். கத்தி பட்ட தோல், உண்ணி தின்ற தோல், சூடுபோட்ட தழும்புள்ள தோல் எல்லாம் தனித்தனியே போகும். “தம்பி, தோலுக்கு விலை சொல்றவன் ஒருத்தன், உரிக்கிறவன் ஒருத்தன். ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து நான் பார்த்ததில்லை” என்பார் பெரியப்பா. ‘நானூக்’ பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. உரிக்கிறவனை அந்தப் படத்தில் நாள் முழுவதும் பார்க்கலாம். விலை சொல்கிறவன் ஒரு காட்சிக்கு வந்து, சிரித்துவிட்டுப் போய்விடுகிறான்.

‘நானூக்’ படத்தைத் தயாரிக்கப் பணம் தந்தது யார் என்பது ரகசியமல்ல. ரெவியோன் ஃப்ரேர் என்ற பாரிஸ் ரோமத்தோல் நிறுவனம். 1723இல் தொடங்கப்பட்டது. கனடாவின் வட எல்லையில் ஹட்சன் பே கம்பெனியோடு போட்டியிட்டு வணிகநிலையங்கள் நடத்தியது. ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில், இன்று இனுக்ஜுவாக் எனப்படும் இடத்தில் இருந்த அதன் நிலையத்தை மையமாகக் கொண்டுதான் 1920–21இல் ஃப்ளாஹர்ட்டி படம்பிடித்தார். வணிகக் கறை படியாத கலை என்று நாம் மெய்சிலிர்க்கும் படம், ஒரு தோல் கம்பெனியின் பணத்தில் பிறந்தது.

படத்தில் பல காட்சிகள் ஜோடிக்கப்பட்டவை என்பது பழைய குற்றச்சாட்டு. நானூக்காக நடித்தவரின் பெயர் அல்லாகரியல்லாக். மனைவியாக வருபவர் அவர் மனைவியல்லர். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் பாதி வெட்டித் திறந்த வீட்டில் படம்பிடித்தார்கள். துப்பாக்கி புழங்கத் தொடங்கிவிட்ட காலத்தில் ஈட்டியால் வேட்டையாடச் செய்தார்கள். கிராமபோன் இசைத்தட்டை அவர் கடித்துப் பார்ப்பதும் நடிப்புத்தான். இவற்றுக்காக நான் ஃப்ளாஹர்ட்டியைக் கூண்டில் ஏற்றவில்லை. கலை என்றால் ஜோடிப்பு இருக்கும். அந்த ஊர் மக்கள் வெறும் பொம்மைகளும் அல்லர். காமிராவைப் பராமரிப்பதுமுதல் காட்சிகளைத் திட்டமிடுவதுவரை அவர்கள் கைகொடுத்தார்கள். நான் கேட்பது வேறு. ஜோடித்தவர் எதை நீக்கினார், எதைச் சேர்த்தார்? துப்பாக்கியை நீக்கினார். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஈடாக நரித்தோலைக் கொடுத்தாகவேண்டிய கட்டாயமும் அதோடு நீங்கிவிட்டது. எஞ்சியது மனிதனும் பனியும்.

வணிகநிலையக் காட்சியை மீண்டும் பாருங்கள். ஓராண்டு வேட்டையின் தோல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பதிலுக்குக் கத்தி, மணி, வண்ண மிட்டாய். குழந்தைகளுக்கு வியாபாரி பிஸ்கட்டும் கொழுப்பும் தருகிறார். அளவுமீறித் தின்ற சிறுவனுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிறார். எவ்வளவு அன்பு! ஒரு தோலுக்கு என்ன விலை, அதே தோல் பாரிஸில் ஒரு சீமாட்டியின் தோளில் ஏறும்போது என்ன விலை, சென்ற ஆண்டுக் கடன் எவ்வளவு என்று எதுவும் இல்லை. பெரியப்பா எழுதிய பேரேடு போன்ற ஒன்று அந்த நிலையத்திலும் நிச்சயம் இருந்திருக்கும். காமிரா அதன் பக்கம் திரும்பவேயில்லை. அதற்குப் பின் பசி வருகிறது, புயல் வருகிறது. பசிக்குக் காரணம் பனி. வேறு யாரும் காரணமில்லை.

இப்போது ‘எஸ்கிமோ’. இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக். ஒரு வேடிக்கையான இணைப்பு உண்டு. ‘வொயிட் ஷேடோஸ் இன் த சவுத் சீஸ்’ (1928) படத்தை எம்.ஜி.எம்.முக்காக ஃப்ளாஹர்ட்டி தொடங்கி, ஒத்துப்போகாமல் விலகியபோது அதை முடித்துக்கொடுத்தவர் இதே வான் டைக்தான். நம் பட்டியலில் ஒருவர் கலைஞர், மற்றவர் வேகமாகப் படமெடுக்கும் கூலிக்காரர். அந்தக் கூலிக்காரர் படக்குழுவோடு அலாஸ்காவின் டெல்லர் என்ற ஊருக்குப் போனார். டேனிஷ் பயணி பீட்டர் ஃப்ராய்கென் எழுதிய நூல்கள் கதைக்கு ஆதாரம். நாயகன் ரே மாலா, அலாஸ்காவில் இனுபியாக் தாய்க்குப் பிறந்தவர். பாத்திரங்கள் தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் ஆங்கிலம் எழுத்தட்டையாக வருகிறது. 1933இல், பேசும்படம் வந்து ஆறே ஆண்டுகளில், ஒரு பெரிய ஹாலிவுட் நிறுவனம் இதைச் செய்தது. படத்தொகுப்புக்கான முதல் ஆஸ்கர் விருதை இந்தப் படத்துக்காகவே கான்ராட் நெர்விக் பெற்றார்.

கதை எளியது. வேட்டைக்காரன் மாலா, வெள்ளையரின் வியாபாரக் கப்பல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு போகிறான். தோலைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கவேண்டும். கப்பல் தலைவன் தோலை வாங்கிக்கொள்கிறான். கூடவே மாலாவின் மனைவியையும் கேட்கிறான். சாராயம் கொடுக்கிறான். இரண்டாம் முறை குடிக்கவைத்துச் சீரழிக்கப்பட்ட அந்தப் பெண் பனியில் விழுந்து கிடக்கும்போது, கடல்நாய் என்று எண்ணிக் கப்பல்காரன் ஒருவன் சுட்டுவிடுகிறான். மாலா ஈட்டியால் தலைவனைக் கொல்கிறான். பின்னர் சட்டம் அவனைத் தேடி வருகிறது. அந்தக் கப்பல் தலைவனாக நடித்திருப்பவர் கதையை எழுதிய ஃப்ராய்கெனேதான். தன் இனத்து வியாபாரியின் முகத்தைத் தானே அணிந்துகொண்ட ஆசிரியர்.

கடல்நாய் என்று எண்ணிச் சுட்டார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தோல் வாங்க வந்தவன் கண்ணுக்குத் தோல் தருகிறவளும் ஒரு தோலாகத்தான் தெரிகிறாள். அதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. இதையா மசாலா என்கிறோம்?

இந்தப் படத்தின் பொய்களையும் சொல்லிவிடுகிறேன். மாலாவின் மனைவியராக நடித்த லோட்டஸ் லாங், லுலு வோங் இருவரும் வடதுருவத்தவர் அல்லர். மனைவியைப் பகிரும் வழக்கத்தைக் காட்டி எம்.ஜி.எம். செய்த விளம்பரம் அருவருப்பானது. கனடாவின் குதிரைப்படைக் காவலர்கள் நம்பமுடியாத அளவுக்கு நல்லவர்கள். ஓடும் மாலாவைக் குறிபார்த்த துப்பாக்கி கடைசியில் தாழ்ந்துவிடுகிறது. தலைப்பில் உள்ள சொல்லையே இன்று அம்மக்களில் பலர் இழிவாகக் கருதுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பொய்களுக்குப் பின்னும், அந்த மக்களின் வாழ்வை உடைத்தது பனியல்ல, பண்டமாற்று என்ற செய்தி படத்தில் அப்படியே நிற்கிறது. ‘நானூக்’கில் அத்தனை அழகுக்குப் பின்னும் அது இல்லை.

“கலையில் கணக்குவழக்குத் தேடுகிறீர்கள்” என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நானூக் தன் பிள்ளைக்குக் குட்டி வில் பிடிக்கக் கற்றுத்தரும் காட்சியில் நானும் கலங்கியவன்தான். ஆனால் ஒரு படிமம் திரையோடு முடிந்துவிடுவதில்லை. 1940களின் இறுதியில் வெள்ளை நரித்தோலின் விலை சரிந்தது. இனுக்ஜுவாக் மக்கள் அரசு உதவியை நம்பவேண்டிய நிலை வந்தது. கனடிய அரசு என்ன செய்தது? 1953இலும் 1955இலும் அங்கிருந்து பல குடும்பங்களைக் கப்பலேற்றி, சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத ரெசல்யூட், கிரைஸ் ஃபியர்ட் பகுதிகளில் கொண்டுபோய் இறக்கியது. வட எல்லையில் தன் உரிமையை நிலைநாட்டும் கணக்கும் அரசுக்கு இருந்தது. வெளியே சொன்ன காரணம் வேறு. அவர்கள் பழையபடி வேட்டையாடித் தன்னிறைவாக வாழட்டும் என்றார்கள். யாருடைய பழையபடி? அந்தத் தன்னிறைவுள்ள, கடனற்ற, வியாபாரியற்ற வேட்டைக்காரனை உலகுக்கு அறிமுகம் செய்தது எந்தப் படம்? 1955இல் அனுப்பப்பட்டவர்களில், ஃப்ளாஹர்ட்டிக்கு அங்கத்திய பெண்ணொருத்தியிடம் பிறந்து, அவரால் கடைசிவரை திரும்பிப் பார்க்கப்படாத மகனும் இருந்தார். கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

படத்தால்தான் அவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வியாபாரியை நீக்கிவிட்டு வறுமையைப் பார்த்தால் அது பருவநிலையைப்போலத் தெரியும், பருவநிலைக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்கிறேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், எங்களையும் அப்படித்தான் எழுதுகிறார்கள், படமெடுக்கிறார்கள். ‘பாலாறு வறண்டது’ என்று தொடங்காத கட்டுரை உண்டா? மணல்வெளி, ஒற்றைப் பனை, குடத்தோடு நடக்கும் கிழவி. அற்புதமான சட்டகம். ஆற்றுமணல் எந்த லாரியில் போனது, கிணற்று நீர் ஏன் உப்பாகி நுரைக்கிறது என்ற கேள்விகள் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எந்த ஆவணப்படத்தையும்விட ஈரமற்ற மொழியில் எழுதப்பட்டது. ஆனால் அதில்தான் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற்போனது. மாசு செய்தவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது எங்கள் கிணற்றுத் தண்ணீரால்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றைப் பற்றி ஆணையிட நேர்ந்தது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகளுக்கு மேல்.

தொழிற்சாலைகளைக் கொளுத்தச் சொல்பவனல்லன் நான். அதிகாலையில் பள்ளிகொண்டா நிறுத்தத்தில் ஷூ கம்பெனிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்களின் தூக்குச்சட்டியில் இருப்பது தோல் தந்த சோறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. குரோமியம் வந்தது கடவுளின் சித்தமல்ல, சந்தையின் தேவை. இந்தச் சோறும் இந்த நஞ்சும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். அதை முழுதாகப் படிக்கவேண்டும் என்பதுதான் என் வாதம். கிழவியின் குடத்தை மட்டும் காட்டுகிற படம் எங்களைக் கௌரவிக்கவில்லை. எங்களைப் பனியில் நிறுத்துகிறது.

ஆகவே நண்பர்களே, ‘நானூக்’கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் ‘எஸ்கிமோ’வையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்தபின், தூய கலை என்று நாம் எழுதிவைத்திருக்கும் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு படத்தின் எதிரேயும் பணம் போட்டவர் யார் என்று எழுதிப் பார்ப்போம்.

பெரியப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அவருக்கு ‘நானூக்’ போட்டுக் காட்டினேன். கடைசிவரை அசையாமல் பார்த்தார். புயலையோ பசியையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நரித்தோலு எத்தனை உருப்படி போட்டான்னு கடைசிவரைக்கும் சொல்லலியே” என்றார். நான் படித்த விமர்சனங்களில் அதுதான் மிகச் சிறந்தது.