இரண்டு கொப்பியில் இரண்டு நாவல்

சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய நாள், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு கொப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஒன்றில் வாவியில் இறால் பிடிக்கும் குடும்பத்தின் கதை, பதினொரு அத்தியாயம். மற்றதில் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போன உம்மாவைப் பற்றி மகள் சொல்லும் கதை, ஏழு அத்தியாயம். இரண்டும் நாவல், இரண்டும் முடியவில்லை.

"ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடு என்று வாப்பா ஏசுறார், ரீச்சர். எதை விடுறது?"

வாப்பா சொல்வதில் பிழை இல்லை என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. பிறகு என் உம்மம்மாவின் நினைவு வந்தது. அவர் பன்பாய் இழைப்பவர். வீட்டில் எப்போதும் இரண்டு பாய்கள் அரைகுறையாகக் கிடக்கும். ஒன்று கலியாண வீட்டுக்குச் சாயப் பன்னில் இழைப்பது. அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். மற்றது வெள்ளைப் பாய்; இஷாத் தொழுகைக்குப் பிறகு குப்பி விளக்கடியில் இருந்துகொண்டும் இழைக்கலாம். ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

நாவலிலும் இப்படிச் செய்தவர்கள் உண்டு. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தன் முதல் நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதா மாதம் வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1837 பெப்ரவரியில் 'ஒலிவர் டுவிஸ்ட்' நாவலையும் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. முதலாவது சிரிக்க வைப்பது. இரண்டாவது அநாதைச் சிறுவனின் துயரம். அந்த ஆண்டு நவம்பர்வரை இரண்டும் சேர்ந்தே ஓடின. ஒலிவர் முடியுமுன்னே மூன்றாவது நாவலையும் தொடங்கினார். தமிழில் சுஜாதா, பெங்களூரில் பொறியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே ஒரே காலத்தில் பல வார இதழ்களுக்குத் தொடர்கதை கொடுத்தார். நமது நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தபோது, அதை எழுதிய சித்திலெப்பை சட்டத்தரணி. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையின் ஆசிரியரும் அவரே. இரண்டு நாவல் அல்லதான், ஆனால் அவர் மேசையிலும் ஒரு வேலை மட்டும் கிடக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மூன்றாவது கொப்பி வாங்க ஓடவேண்டாம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் போகுமுன் எங்கள் ஊரைப் பற்றி ஒரு நாவல் தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. கதை 1990 ஆகஸ்ட் மாதத்தை எட்டியதும் பேனை நின்றுவிட்டது. நம் ஊர் வாசகர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. இரண்டு கிழமை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விடுதி மாணவிகளைப் பற்றி ஒரு வேடிக்கை நாவலைத் தொடங்கினேன். "இரண்டு நாவல் எழுதுறன்" என்று பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். உண்மையில் நான் எழுதவில்லை, ஓடிப்போனேன். வேடிக்கை நாவலும் நாற்பது பக்கத்தோடு நின்றது. இரண்டு கொப்பியும் இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன.

டிக்கன்ஸுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை? திறமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய அடுத்த அத்தியாயத்துக்காக அச்சுக்கூடம் காத்திருந்தது, வாசகர் காத்திருந்தார்கள். 1837 மே மாதம் அவருடைய மனைவியின் தங்கை 17 வயதில் திடீரென இறந்தபோது அவரால் எழுத முடியவில்லை. ஜூன் மாதத்துக்கு இரண்டு நாவலின் பகுதிகளுமே வரவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் எழுதினார். என்னுடைய நாவலோ நின்றுபோனது ஒருவருக்கும் தெரியாது. ஏன் நின்றது என்று கேட்கவும் யாருமில்லை.

வை.மு. கோதைநாயகி அம்மாள் ஐந்தரை வயதில் கலியாணம் செய்துவைக்கப்பட்டவர். எழுதப் பழகாத காலத்தில் தன் முதல் படைப்பைத் தோழிக்குச் சொல்லி எழுதுவித்தார். பின்பு 'ஜகன்மோகினி' இதழை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அந்தத் தோழி எழுதிக்கொடுக்க மட்டுமா இருந்தாள்? முதலில் கேட்டவளும் அவளல்லவா!

ஆகவே அந்த மாணவியிடம் எதையும் விடச் சொல்லவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டேன். "ஒரு கொப்பியை மூடி மற்றதைத் திறந்தபோது எந்த இடத்தில் நிறுத்தினாய்? அடுத்த அத்தியாயத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்?" இறால் கதையைத் தோணி திரும்பாத இரவில் நிறுத்தியிருந்தாள். எனக்குப் பழக்கமான இடம். இரண்டாம் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

பெற்றோரிடம் ஒன்று சொல்லவேண்டும். பரீட்சைக் காலத்தில் கொப்பியை வாங்கி வையுங்கள், நான் தடுக்கமாட்டேன். மற்ற நாட்களில் "இன்னும் முடிக்கல்லையா?" என்று கேட்பதை விட்டு, "அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் பதில் வராவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தரம் கேளுங்கள்.

இப்போது அவள் வியாழக்கிழமைகளில் இறால் கதையில் ஓர் அத்தியாயம் கொண்டுவருகிறாள். உம்மாவின் கதையை அவளுடைய ராத்தா வாசிக்கிறாராம். சென்ற கிழமை பதின்மூன்றாம் அத்தியாயம் வந்தது. தோணி இன்னும் கரைக்கு வரவில்லை. அவள் போகும்போது, "உங்கட கொப்பியை எப்ப காட்டுவீங்க, ரீச்சர்?" என்று கேட்டாள். அலுமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.