கருவி காட்டினால் சரியாகத்தான் இருக்குமா?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூர் பக்கம் போனவர்களுக்கு வல்லூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைத் தெரிந்திருக்கும். 1500 மெகாவாட் நிலையம். நிலக்கரி எரியும் அந்தப் புகையில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் இருக்கிறது. அதே வாயுவை மூச்சுத் திணறும் பச்சிளம் குழந்தைக்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

உண்மைதான். சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் நுரையீரல் ரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும். இந்த வாயுவைச் சுவாசித்தால் அவை விரிகின்றன. அமெரிக்காவில் 1999-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

வழக்கமான அளவு 20 பிபிஎம். அதாவது 10 லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிவிடும். அது நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு. இந்தக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனும் நிறையக் கொடுக்க வேண்டும். மருந்து விஷமாவதும் அதே குழாயில்தான். அதனால்தான் இரண்டு வாயுக்களையும் அளக்கும் மானிட்டர் பக்கத்திலேயே ஓடுகிறது.

அந்த மானிட்டர் எப்படி அளக்கிறது? பெரும்பாலும் மின்வேதி சென்சார்தான். வாயு ஒரு சவ்வைத் தாண்டி உள்ளே போய் மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். அதைத்தான் பிபிஎம் ஆக மாற்றித் திரையில் காட்டுகிறார்கள். நாளாக ஆக சென்சார் தேய்ந்து, அளவு மெல்ல விலகும். வெண்டிலேட்டர் காற்றின் ஈரம் சவ்வில் படிந்தாலும் தப்பும். மாதிரி எடுக்கும் குழாய் நீளமாக இருந்தால், வாயு சென்சாருக்கு வந்து சேர்வதற்குள் அதிலேயே ஒரு பகுதி மாறிவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அரை பிபிஎம் பிழை என்று வைத்துக்கொள்வோம். 20-ல் அது பெரிய விஷயமில்லை. நச்சு வாயுவிலோ உண்மை அளவு 1 ஆக இருக்கும்போது திரை 0.5 என்று காட்டும். பாதி மறைந்துவிட்டது! எது ஆபத்தோ அதில்தான் பிழையும் பெரிதாகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. டாக்டர் 20 வைத்திருக்கிறார், மானிட்டர் 16 காட்டுகிறது. வாயு குறைவாகப் போகிறதா, சென்சார் பொய் சொல்கிறதா? அளவு தெரிந்த வாயுவை விட்டுச் சோதித்திருந்தால்தான் பதில் தெரியும். இல்லாவிட்டால் நர்ஸ் எதை நம்புவார்?

2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களில் ஆன்லைன் அளவுக் கருவி வைக்கச் சொன்னது. அனல் மின் நிலையமும் அதில் ஒன்று. புகைபோக்கிக் கருவி காட்டும் எண்ணை நாம் சந்தேகப்படுகிறோம். நல்லதுதான். அதே வாயுவை அளக்கும் ஆஸ்பத்திரிக் கருவியை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம்?

2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் உயர் ஆபத்து மருத்துவக் கருவிகளுக்கும் லைசென்ஸ் கட்டாயம். ஆனால் லைசென்ஸ் கருவி கடையை விட்டு வரும்வரைதான் பேசும். வார்டில் ஆறு மாதம் ஓடிய சென்சாரைப் பற்றி அது என்ன சொல்லும்?

மளிகைக் கடைத் தராசுக்குக்கூட முத்திரை கேட்கிறது சட்டம். அதுபோல இந்த மானிட்டரின் முகப்பிலும் ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்பதே என் கருத்து. பூஜ்ஜிய அளவைக் கடைசியாகச் சரிபார்த்தது என்று, தெரிந்த அளவு வாயுவால் சோதித்தது என்று, சென்சார் மாற்ற வேண்டிய நாள் எது - மூன்று தேதி போதும். சோதனை வாயு சிலிண்டருக்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். கிலோவுக்குப் பத்து கிராம் குறைந்தால் சண்டை போடுகிறோம். மூன்று கிலோக் குழந்தையின் மூச்சுக்காக இதைக் கேட்கக் கூடாதா?