சிவப்புக் குறியும் செக்ரோலும்

பிள்ளைத்தாய்ச்சிப் பெண் விடியுமுன் பெரட்டில் நின்று, வாளி சுமந்து நிரைக்குப் போவது தோட்டத்தில் எவர்க்கும் புதிதன்று. பால் குறைந்தால் கூலி குறையும் என்ற அச்சமே அவளை நடத்துகிறது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60 நாளாயிருந்த பேறுகால விடுமுறை, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. வரவேற்கிறோம். ஆயின் பேற்றுக்கு 30 நாளுக்கு முன் அவ்விடுமுறையைத் தொடங்கச் சட்டம் இடந்தரவில்லை. அதற்கு முந்திய மாதங்களில் அவளுக்குக் காவல் யார்?

கிளினிக் தாதிதான். கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தையும் சோகையையும் சோதித்து, அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறியிடும் முறை 1989-இல் இந்நாட்டில் வந்தது. வெள்ளையென்றால் தாதியே கவனிப்பார். சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரி. கிளினிக்கிற்கே போகாதவள் அட்டையில் எந்த நிறமும் ஏறாது! "நாங்கள் லயத்திலேயே பெறவில்லையா?" என்பர் பாட்டிமார். பெற்றார்கள்; பிழைக்காதவர்கள் பேச வரமாட்டார்கள்.

கிராணிமாரே, கிளினிக் நாளில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவிட்டு ஓயாதீர். அவள் நிரையை அன்று வேறொருவர் வெட்ட வழிசெய்யுங்கள். அன்றைய கூலியை நிர்வாகத்திடம் கேட்பது சங்கத்தின் பொறுப்பு, கேட்போம்.