தொழில் அறிவோம்: கடைசல் பட்டறையில் கண்டது



கல்லில் வேண்டாத பகுதியை உளியால் கொத்தி எடுத்தால் மிஞ்சுவது அம்மி. இரும்பிலும் இப்படித்தான் பல பொருட்களைச் செய்கிறார்கள். மேலதிகமான உலோகத்தைச் சீவி எடுத்து, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மிளகாய், மா அரைக்கும் ஆலை ஒன்றை நடத்துகிறோம். அதன் பெயாரிங் பழுதாகி, சுழலும் தண்டு தேய்ந்துவிட்டது. ஆலை நின்றால் ஐந்து வீட்டு அடுப்பும் நிற்கும். புதிய தண்டு வாங்கப் பணமில்லை. தண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். ரயில் எஞ்சின் கொட்டகை இருக்கும் தெமட்டகொடையில் ஒரு சிறிய லேத் பட்டறையைக் காட்டினார்கள். லேத் என்பதுதான் கடைசல் இயந்திரம்.

பட்டறைத் தம்பி தேய்ந்த இடத்தை வெல்டிங் செய்து நிரப்பி, ஆறவிட்டு, லேத்தில் பூட்டினார். தண்டு சுழன்றது. அதைவிடக் கடினமான வெட்டும் அலகு சுழலாமல் மெல்ல நகர, இரும்பு சுருள் சுருளாக விழுந்தது. சூடு தணிய, பால்போன்ற எண்ணெய்க் கலவை நீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

துளை போடும் இயந்திரத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் அலகுதான் சுழலும். கடைசி மெருகுக்குச் சாணைக்கல் உண்டு.

பெயாரிங்கின் உள்விட்டம் 30 மில்லிமீற்றர். தம்பி கொஞ்சம் சீவுவார், நிறுத்துவார், மைக்ரோமீற்றரால் அளப்பார். அது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கையும் காட்டும். “கூடினால் இன்னும் சீவலாம் அக்கா. குறைந்தால் திரும்ப வெல்டிங்கிலிருந்து தொடங்க வேணும்” என்றார். துணியை வெட்டுமுன் இரண்டு தரம் அளக்கும் நமக்கு இது புதிதா?

கிட்டப்போன என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். சாறித் தலைப்பு, பின்னல், வளையல், கையுறை எதுவும் சுழலும் இயந்திரத்தில் சிக்கினால் கையோடு இழுத்துவிடும். சுருளையும் கையால் எடுக்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, கொக்கியால் எடுக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் வேலை தொடங்கக் கூடாது.

இது ஆண்களின் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். அங்கே தேவைப்பட்டது பொறுமையும் கணக்கும் நிதானமான கையும்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் இயந்திரத் தொழில்நுட்பமும் கற்பிக்கிறார்கள். தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் விசாரிக்கலாம். படிப்பை முடித்த மகள் வீட்டில் இருந்தால், தையலோடு இதையும் கேட்டுப் பாருங்கள்.

தண்டு மறுநாளே ஊர் வந்தது. ஆலை ஓடுகிறது.