ராத்திரி எது நிக்கக் கூடாது?

"பேட்டரின்னா பேட்டரிதானே சார்? இதுல என்ன யோசனை?" என்றார் என் ஆபீஸ் நண்பர். நானும் தலையாட்டினேன். பி.காம். படித்தவனுக்குத் தலையாட்ட என்ன கஷ்டம்?

விஷயம் இதுதான். நானும் என் மச்சானும் (மனைவியின் தம்பி) ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய வேன் வாங்கினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுமந்து சுமந்து களைத்துப் போன வேன். ஸீட்டெல்லாம் கழற்றி இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, மூலையில் ஒரு டாய்லெட் எல்லாம் வைத்து நடமாடும் வீடாக்கிவிட்டோம். (ஆர்.டி.ஓ. ஆபீஸ் படலம் தனிக் கதை. அதற்கு நாலு வாரம் வேண்டும்.)

சொந்த வீட்டுக்கே ஈ.எம்.ஐ. பாக்கி இருக்கிறவனுக்கு ஓடுகிற வீடு எதற்கு என்று கேட்பீர்கள். அப்பாவுக்காக. 73 வயசு. முட்டி வலி. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும். 1961-ல், ஒன்பது வயசுப் பையனாக, தாத்தாவோடு ரயிலில் தனுஷ்கோடி போயிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் ஊரே போய்விட்டது. "போறதுக்குள்ள இன்னொரு தடவை அந்த மணலை மிதிச்சுடணும்டா" என்று பத்து வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு இன்னொரு துணைவியும் உண்டு. ஸி-பாப் மெஷின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. பத்து விநாடிக்கு மேல் நின்றால் அதற்கு அப்னியா என்று பெயர். மூக்கில் மாஸ்க் மாட்டி, மெஷின் ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளிக் கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த நான், நண்பர் சகாய விலையில் பிடித்துக் கொடுத்த லாரி பேட்டரியை வேனில் ஏற்றினேன். 100 ஆம்பியர் அவர் என்று ஸ்டிக்கர். பக்கத்தில் ஒரு இன்வெர்ட்டர். பரீட்சார்த்தமாக ஏற்காடு.

சாயங்காலம் எலெக்ட்ரிக் குக்கரில் சாதம் வைத்தோம். டி.வி.யில் கிரிக்கெட் பார்த்தோம். "மாமா, ஃபைவ் ஸ்டார் ஓட்டல் தோத்துடும்!" என்றான் மச்சான். நான் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டு தூங்கினேன்.

மூணு பத்துக்கு இன்வெர்ட்டர் 'பீ...' என்று அலறி அடங்கியது. ஃபேன் நின்றது. மெஷினும் நின்றது.

அப்பா தூக்கக் கலக்கத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் படுத்தார். குறட்டை. அப்புறம் குறட்டை நின்றது. இருட்டில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "பதினாறு... பதினேழு... பதினெட்டு..." எண்ணிக் கொண்டிருந்தாள். பத்தொன்பதில் அப்பா 'ஹக்' என்று மூச்சை இழுத்தார். அம்மா அவரை எழுப்பிவிட்டாள். விடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக் கொண்டு வேன் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு ராத்திரி தூங்காட்டா என்னடா குடியா முழுகிடும்?" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த சனிக்கிழமை புதுப்பேட்டை. அங்கே வயசான பாய் ஒருவர் பேட்டரி கடை வைத்திருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, லாரி பேட்டரி கல்யாண வீட்டு வேட்டு மாதிரி. ஒரு செகண்ட் 'டமார்'னு இன்ஜினைக் கிளப்பறதுதான் அதுக்கு வேலை. உள்ளே தகடு மெலிசு. அதைப் போய் ராத்திரியெல்லாம் எரியற அகல் விளக்கா வெச்சா? நாலு தடவை அடிவரைக்கும் காலி பண்ணீங்கன்னா செத்துடும். வீட்டு வேலைக்குத் தகடு தடிச்சது வேணும். டியூபுலர். அதையும் பாதிக்கு மேல எடுக்காம இருந்தா ரொம்ப நாள் உழைக்கும். உங்க 100-ல நம்பி எடுக்கக்கூடியது 50."

"ஏற்காடு போறப்ப வண்டி ஓடி சார்ஜ் ஆயிருக்குமே பாய்?"

"ஈய பேட்டரிக்குக் கடைசி இருபது பர்சென்ட் ஏற மணிக்கணக்கு ஆகும். கேஸரி மாதிரி, அவசரப்பட்டா ஆகாது. நீங்க கிளம்பறப்பவே அது முக்கா வயிறு."

"சரி, இப்ப எதை வாங்கலாம்?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? ராத்திரி உங்க வண்டில எது நிக்கக் கூடாது? அதை முதல் வரியா எழுதி, மத்ததைக் கீழே எழுதிட்டு வாங்க. அப்புறம் பேட்டரி பேசலாம்."

வீட்டில் லிஸ்ட் போட உட்கார்ந்தோம். மச்சான் டி.வி. என்றான். பையன் வீடியோ கேம் என்றான். மனைவி, "என்னங்க, இண்டக்‌ஷன் அடுப்பு" என்றாள். அம்மா, "மெஷின் ஓடினாப் போதும்" என்றாள்.

ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்த வாட்ஸைப் படித்தேன். வாட்ஸை எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு பெருக்கினால் வாட் அவர். நாலாங்கிளாஸ் கணக்குதான். மெஷின் 40 வாட், எட்டு மணி நேரம்: 320. இரண்டு சின்ன ஃபேன்: அதுவும் 320. விளக்கு 40. நாலு பேர் செல்போன் 60. மிக்ஸி 600 வாட் என்றதும் பயந்தேன். ஆனால் சட்னிக்கு ஐந்தே நிமிஷம்: 50. ஆர்ப்பாட்டமாகக் கத்துகிற மிக்ஸி கொஞ்சமாகத்தான் தின்கிறது. சத்தமில்லாமல் சுற்றுகிற ஃபேன்தான் சொத்தைக் கரைக்கிறது. ஆபீஸிலும் இப்படிச் சிலர் உண்டு.

இண்டக்‌ஷன் அடுப்பை அடித்தேன். 1,500 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுத்தால் 125 ஆம்பியருக்கு மேல் பாயும். விரல் தடிமனுக்குக் கம்பி போட வேண்டும். டி.வி.யும் கேமும் தானாக விழுந்தன.

கூட்டினால் 790. கம்பியிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்குப் பத்து சதவிகிதம் சேர்த்தால் சுமார் 870. பன்னிரண்டால் வகுத்தால் 72 ஆம்பியர் அவர். ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 150 வேண்டும். பாய் ஒன்றைக் காட்டினார். நானும் மச்சானும் தூக்கிப் பார்த்தோம். ஐம்பது கிலோவுக்கு மேல். அதுவே ஒரு பாஸஞ்சர்! தவிர, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கக்கும். காற்றுப் போக்கு இல்லாமல் கட்டிலுக்கு அடியில் வைக்கவே கூடாது.

"அப்ப இது" என்று பாய் ஒற்றைக் கையால் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட். 100 ஆம்பியர் அவர், சுமார் 12 கிலோ. 1,280 வாட் அவர். பெரும்பகுதியைத் தாராளமாக எடுக்கலாம். ஈய பேட்டரி சில நூறு தடவை காலியாகி நிரம்பினால் களைத்துவிடும். இது 2,000 தடவைக்கு மேல் தாங்கும். விலையைக் கேட்டதும் உட்கார நாற்காலி தேடினேன்.

"லித்தியமா? போன் வெடிக்குதுன்னு போடறாங்களேடா!" என்று அம்மா பயந்தாள்.

போனில் இருப்பது பெரும்பாலும் கோபால்ட் சேர்ந்த ஜாதி. இது இரும்பும் பாஸ்பேட்டும். பாஸ்பேட் தன் ஆக்ஸிஜனை லேசில் விடாது என்பதால் சூடேறித் தீப்பிடிக்கிற ஆபத்து ரொம்பக் குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1997-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஜான் குட்எனஃப் குழு இதை வெளியிட்டது. அவருக்கு 2019-ல், 97 வயசில், நோபல் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை ஆற்றியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பாஸ்பேட்டுக்கு முன்னோடியான சல்ஃபேட் ஆராய்ச்சியைக் குட்எனஃபோடு சேர்ந்து எண்பதுகளிலேயே செய்தவர்.

"நம்மூர்க்காரர் கை பட்டதா? அப்ப வாங்கு" என்றார் அப்பா. விஞ்ஞானம் ஜெயித்தது.

வாங்கியதோடு முடியவில்லை. பாய் நாலு கட்டளை போட்டார். ஒன்று, லித்தியத்தை வண்டி ஆல்டர்னேட்டரோடு நேரடியாகக் கட்டக் கூடாது. கட்டுக்கடங்காமல் கரண்ட் உறிஞ்சி ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். நடுவில் டி.சி. டு டி.சி. சார்ஜர் வேண்டும். இரண்டு, ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்று, வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைக் கணக்குப் போடாதே. லித்தியத்தின் வோல்டேஜ் எங்கள் மேனேஜர் முகம் மாதிரி. கடைசி வரை ஒரே சிரிப்பு, திடீரென்று மெமோ! உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணுகிற மீட்டர் தனியாகப் போட வேண்டும்.

நாலாவதுதான் முக்கியம். "அப்பா மெஷினுக்குத் தனி லைன். மத்ததெல்லாம் 30 பர்சென்ட் வந்ததும் தானா அணையற மாதிரி ரிலே வெச்சுத் தரேன். ஃபேன் நிக்கலாம். லைட் நிக்கலாம்."

கணக்கும் சரியாக வந்தது. எல்லாம் ஓடி முடிந்த பிறகும் 400 வாட் அவர் மிஞ்சும். வண்டி ஓடாமல் ஒரு நாள் நின்றுவிட்டாலும் மெஷினுக்கு இன்னொரு ராத்திரி உண்டு. இன்வெர்ட்டரைச் சுற்றாமல் நேராக பேட்டரியில் ஓட, மெஷின் கம்பெனியே விற்கும் டி.சி. அடாப்டர் வாங்கினேன். கடற்கரை ஈரக் காற்றுதானே என்று டாக்டரைக் கேட்டுக் கொண்டு, காற்றை ஈரமாக்கும் ஹீட்டரையும் அணைத்து வைத்தோம். அதில் கணிசமான மிச்சம்.

போன மாதம் ராமேஸ்வரம். தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு தங்க விடுவதில்லை. எனவே ராமேஸ்வரத்தில் வேனை நிறுத்திப் படுத்தோம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மூணு பத்துக்கு மீட்டரைப் பார்த்தேன். 61. 'ஸ்ஸ்ஸ்' என்று மெஷின் சன்னமாக ஓடிக் கொண்டிருந்தது. இருட்டில் வளையல் சத்தம்.

"தூங்கலையாம்மா?"

"நீ தூங்கலையே, அதான்."

"எண்றியா?"

"இல்லடா. எண்றதுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. அம்மாவுடையது!

விடிந்தபோது மீட்டரில் 46. இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். "இங்கதான்டா எங்கப்பா எனக்கு கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தார்" என்றார். கடை இல்லை, தெரு இல்லை, ரயிலும் இல்லை. ஆனாலும் அவருக்கு இடம் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் அந்தப் பழைய நண்பர் பிடித்துக் கொண்டார். "நானும் ஒரு வேன் பாத்திருக்கேன் சார். எந்த பேட்டரி போடலாம்?"

பாய் மாதிரியே முகத்தை வைத்துக் கொண்டு கேட்டேன். "ராத்திரி உங்க வண்டில எது நிக்கக் கூடாது?"

ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஏ.சி. சார்."

"நல்ல லாட்ஜா பாத்து ரூம் போட்டுடுங்க" என்றேன்.