மார்க் போடும் பேராசிரியருக்கே மார்க்!
பாஸ் ஆனாலும் பணம் வருவதில் இழுபறி

வேலூர்:

பரீட்சைப் பேப்பரில் சிவப்பு மையால் மார்க் போடுகிறவர் கல்லூரி ஆசிரியர். அவருக்கே மார்க் போட்டால்? போடுகிறார்கள்! அந்த மார்க் கிடைத்தால்தான் பதவி உயர்வு, சம்பள உயர்வு எல்லாம்.

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி (1919), மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி (1969) எல்லாம் தோல் வியாபாரிகள் கொடுத்த பணத்தில் எழுந்தவை. இன்று அரசு உதவி பெறுபவை. டேனரித் தொழிலாளி மகனும், ஷூ கம்பெனியில் தைக்கிறவர் மகளும் பட்டம் வாங்குவது இப்படிப்பட்ட கல்லூரிகளில்தான். அங்கே பாடம் நடத்துகிறவரின் கதை என்ன?

கட்டுரை வேட்டை!

2010-ல் யு.ஜி.சி. ஒரு புள்ளிக் கணக்கு கொண்டு வந்தது. ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால் புள்ளி. கருத்தரங்கில் பேசினால் புள்ளி. விளைவு? காசை வாங்கிக்கொண்டு எதையும் அச்சடித்துத் தரும் போலி ஆய்வுப் பத்திரிகைகள் புற்றீசலாகக் கிளம்பின!

2018 ஜூலையில் யு.ஜி.சி.யே கல்லூரி ஆசிரியர்களுக்கு அந்தக் கணக்கைக் கைவிட்டது. இப்போது, ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமாவது எடுத்தால் 'நன்று'. 70-க்குக் கீழே போனால் 'திருப்தி இல்லை'. கூடவே பரீட்சை வேலை, நிர்வாகப் பொறுப்பு, மாணவர் பணி பார்க்கப்படும். கட்டுரை அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான்.

நியாயமான விதிதானே? அப்புறம் என்ன சிக்கல்?

12 வருஷப் படிக்கட்டு

உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. பி.எச்டி. இருந்தால் 4 வருஷத்தில் முதல் படி, ரூ.68,900. எம்.பில். என்றால் 5 வருஷம். இரண்டும் இல்லையா, 6 வருஷம். இன்னும் 5 வருஷம் போனால் ரூ.79,800. மேலும் 3 வருஷம் கழித்து இணைப் பேராசிரியர். அதன் தொடக்கம் ரூ.1,31,400! ஆனால் அதற்கு பி.எச்டி. கட்டாயம். இடையில் பயிற்சி வகுப்புகளையும் முடித்திருக்க வேண்டும்.

ஆக, பைல் ஒரு மாதம் தூங்கினால் ஒரு குடும்பத்தின் கணக்கே உதைக்கும்.

பைல் எங்கே போகிறது? கல்லூரிக் குழு பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பும் நிபுணர்கள் பார்க்க வேண்டும். பிறகு கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் ஆபீஸ்.

இந்த விதிகளுக்குத் தமிழக அரசு 2021 ஜனவரியில் ஆணை போட்டது. அரசுக் கல்லூரிக்குக் கிடைத்த பலன் உதவி பெறும் கல்லூரிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு மூட்டா, ஏ.யு.டி. சங்கங்கள் வீதிக்கு வந்தன. பாஸ் ஆனவர்கள் பரிசுக்காகக் கோஷம் போட்ட கதை இது!

அதே ஸ்டாப் ரூமில் இன்னொரு கூட்டமும் உட்கார்ந்திருக்கிறது. சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள். அதே பாடம், அதே பையன்கள். சம்பளம் நிர்வாகம் கொடுப்பது. அரசு தரும் இந்தப் படிக்கட்டே அவர்களுக்குக் கிடையாது!

மாலை வகுப்பு முடிந்தபின் தடுமாறும் பையனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் இரண்டு பிரிவிலும் உண்டு. அவன் பாஸ் செய்தானா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

தோலைத் தரம் பிரிக்கிறவர் கையால் தடவிப் பார்த்துத்தான் தரம் சொல்வார். ஆசிரியரைத் தரம் பிரிக்க பைலைத் தடவினால் போதுமா?